மறதிநோயில் உணர்வு, நடத்தை மாற்றங்களை மதிப்பிடுதல்

மறதிநோய் உடையவர்களின் உணர்வு, நடத்தை மாற்றங்களை மதிப்பிடுதல் என்பது, நினைவாற்றல் குறைந்துவரும் ஒருவரிடம் தோன்றும் கோபம், சந்தேகம், அச்சம், சோர்வு, தூக்கக் கேடு, அலைச்சல் போன்றவற்றை முறையாகக் கேட்டறிந்து, அவற்றின் அளவையும் காரணத்தையும் கணிக்கும் செயலாகும். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் அழைக்கும் மறதிநோயை நினைவுத் தேர்வுகளால் மட்டும் முழுமையாக அறிய முடியாது. குடும்பத்தைத் தளரச் செய்வது பெரும்பாலும் மறதியன்று; அதனுடன் வரும் இந்த மாற்றங்களே.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் அல்லாமல் தம் வீட்டில், மகன், மகள், மருமகள், வாழ்க்கைத்துணை ஆகியோரின் பராமரிப்பில் இருக்கின்றனர். ஆகவே மதிப்பீட்டுக்கு வேண்டிய செய்திகள் அனைத்தும் வீட்டிலிருந்தே வர வேண்டும். அவற்றை எப்படிக் கேட்பது, எப்படி எடைபோடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த பெரியபட்டினம் போன்ற ஊர்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன.

எவை உணர்வு, நடத்தை மாற்றங்கள்?

இம்மாற்றங்களை நான்கு தொகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

• உணர்வு சார்ந்தவை: மனச்சோர்வு, பதற்றம், எரிச்சல், காரணமற்ற மகிழ்ச்சி, எதிலும் நாட்டமின்மை.
• எண்ணமும் புலனும் சார்ந்தவை: பொருளைத் திருடிவிட்டார்கள், துணைவர் துரோகம் செய்கிறார், இது என் வீடு இல்லை என்பன போன்ற பொய்நம்பிக்கைகள், இல்லாததைக் காண்பதும் கேட்பதும்.
• செயல் சார்ந்தவை: கத்துதல், அடித்தல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், நோக்கமின்றி நடத்தல், பொருள்களைப் பதுக்குதல், கூச்சமின்றி நடந்துகொள்ளுதல்.
• உடலின் ஒழுங்கு சார்ந்தவை: இரவில் விழித்திருத்தல், பகலில் உறங்குதல், உணவில் ஏற்படும் மாற்றம்.

இவை நோய்க்குப் பின்னால் வரும் துணைத் தொல்லைகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டன. ஆனால் அல்சைமர் நோயின் முதல் பதிவே நடத்தை மாற்றத்தில்தான் தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அகுஸ்டே டிட்டர் என்ற 51 வயதுப் பெண் அழைத்துவரப்பட்டார். குடும்பத்தார் முதலில் கண்டது அவர் கணவர்மீது கொண்ட கடும் பொறாமையை. மறதி அதன் பின்னரே தெளிவாகத் தெரிந்தது. அவரைப் பரிசோதித்த அலோயிஸ் அல்சைமர், அவர் இறந்த பின் மூளையை ஆராய்ந்து 1906இல் தம் கண்டறிதலை அறிவித்தார்.

மறதிநோயின் வகையைப் பொறுத்தும் இம்மாற்றங்கள் வேறுபடும். நெற்றிப்பகுதி மூளையைத் தாக்கும் வகையில் நினைவு நன்றாக இருக்கும்போதே கூச்சமின்மையும் அக்கறையின்மையும் தோன்றும். லூயி உடல் வகையில் சிறு குழந்தைகளோ விலங்குகளோ அறையில் இருப்பது போன்ற தெளிவான காட்சிகள் தெரியும். எனவே நடத்தையைச் சரியாகக் கேட்டறிவது நோயின் வகையைக் கண்டறியவும் உதவுகிறது.

வேலூர் தரும் பாடம்

உலகில் மறதிநோய் உள்ளவர்களில் சுமார் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தாலும், அவர்களைப் பற்றிய ஆய்வுகள் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்பதைச் சுட்டவே ஓர் ஆய்வுக் குழு தனக்கு 10/66 என்று பெயரிட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் சென்னையும் வேலூரும் இக்குழுவின் ஆய்வு இடங்களாக இருந்தன. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் ஆயிரம் பேரிடம் ஆய்வு நடந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையைக் கொண்டு பார்த்தபோது மறதிநோய் உள்ளவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தனர். 10/66 குழு உருவாக்கிய முறையில் பார்த்தபோது அது சுமார் பத்து சதவீதமாக உயர்ந்தது.

ஒரே மக்களிடம் இவ்வளவு வேறுபாடு வரக் காரணம் என்ன? முதலாவது வரையறையின்படி, நினைவுக் குறைவு அன்றாட வாழ்க்கையைப் பாதித்திருக்கிறது என்று உறவினர் சொல்ல வேண்டும். கிராமத்தில் முதியவரிடம் யாரும் கணக்கு வழக்கை எதிர்பார்ப்பதில்லை. சமையலையும் வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார். இதனால் "வயசாயிருச்சு, அப்படித்தான் இருப்பாங்க" என்ற பதிலே வருகிறது. குறை இருந்தாலும் அது குறையாகச் சொல்லப்படுவதில்லை.

நடத்தை மாற்றங்களிலும் இதுவே நிகழ்கிறது. வீட்டாருக்குத் தொல்லை தரும் மாற்றம் உடனே சொல்லப்படுகிறது. மூலையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் மாற்றம் சொல்லப்படுவதே இல்லை. இதே ஆய்வுக் குழு 17 வளரும் நாடுகளில் 555 நோயாளிகளின் பராமரிப்பாளர்களிடம் நேரில் கேட்டபோது, சுமார் 70 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒரு நடத்தை மாற்றமாவது இருந்தது. கேட்டால்தான் தெரியும் என்பதே மதிப்பீட்டின் முதல் விதி.

முதல் வினா: இது திடீரென வந்ததா?

எந்த அளவுகோலையும் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். மாற்றம் மாதக்கணக்கில் மெல்ல வந்ததா, ஓரிரு நாள்களில் வந்ததா?

நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் இன்று யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றினாலோ, ஒரு வேளை தெளிவாகவும் மறு வேளை மயக்கமாகவும் இருந்தாலோ, அது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். இது அவசர நிலை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் வற்றுதல், சோடியம் அல்லது சர்க்கரை குறைதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை பொதுவான காரணங்கள். தூக்க மாத்திரையும், சளிக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும்கூட இதைத் தூண்டலாம். கடும் வெயில் காலத்திலும், உணவும் உறக்கமும் மருந்து நேரமும் மாறும் நோன்பு மாதத்திலும், முதியவர் போதுமான நீர் குடிக்கிறாரா என்று தனியே கேட்க வேண்டும்.

அடுத்ததாக வலி. சொல்லத் தெரியாதவரின் வலி பெரும்பாலும் கோபமாகவே வெளிப்படும். குளிப்பாட்டும்போது மட்டும் அடிக்கிறார் என்றால் தோள்மூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிட மறுத்தால் பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும். பேச முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு மூச்சு, முனகல், முகக்குறிப்பு, உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடும் பெயின்அட் என்ற அளவுகோல் உள்ளது.

கண்புரையும் செவிக்குறைவும் மூன்றாவது காரணம். மங்கிய வெளிச்சத்தில் கொடியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும். பிறர் பேசுவது காதில் விழாதபோது தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் வளரும்.

பெயர் சூட்டாமல் நிகழ்ச்சியைக் கேட்பது

"முரண்டு பிடிக்கிறார்", "ரகளை செய்கிறார்" என்பவை தீர்ப்புகள், தகவல்கள் அல்ல. மதிப்பிடுபவர் அவற்றை நிகழ்ச்சியாக மாற்றிக் கேட்க வேண்டும். அதற்கு எளிய முறை, முன் – நடத்தை – பின் என மூன்று கட்டங்களில் குறிப்பது: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் சரியாக என்ன செய்தார், அதன் பின் யார் என்ன செய்தார்கள்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெரியபட்டினத்தில் நாட்டுப்படகில் கடலுக்குப் போய்வந்த முதியவர் ஒருவர். வயது 74. இரண்டு ஆண்டுகளாக மறதி. மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். மருமகள்தான் கவனித்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளரிடம் அவர் சொல்கிறார்:

"மாமா ராத்திரி முழுக்க ரகளை பண்றாங்க. தூங்க விடுறதே இல்ல."

"நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுக்கா? மொதல்ல இருந்து சொல்லுங்க."

கேட்கக் கேட்க விவரம் வருகிறது. முதியவர் மாலை ஏழு மணிக்கே படுத்துவிடுகிறார். பகலிலும் இரண்டு மூன்று மணி நேரம் உறங்குகிறார். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுகிறார். பிறகு வாசலுக்குப் போய் வலை எங்கே என்று கேட்கிறார். மருமகள் கதவைப் பூட்டுகிறார். அவர் கதவைத் தட்டுகிறார். தடுக்கப் போனால் கையைத் தள்ளிவிடுகிறார். பள்ளிவாசலில் அதிகாலைப் பாங்கு கேட்கும்வரை இது நீள்கிறது.

இப்போது 'ரகளை' என்ற சொல் மறைந்து வேறொன்று தெரிகிறது. ஐம்பது ஆண்டுகள் அந்த நேரத்தில் எழுந்து கடலுக்குப் போனவர் இன்றும் எழுகிறார். தள்ளிவிடுதல் பூட்டிய கதவுக்குப் பின்னரே வருகிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழுவதற்குச் சர்க்கரையோ புராஸ்டேட் வீக்கமோ காரணமா என்று பார்க்க வேண்டும். பகல் உறக்கத்தைக் குறைத்து, கிழிந்த வலைத்துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து மாலைவரை ஈடுபடுத்தலாம். இரவில் பூட்டுக்கு முன் நின்று தடுப்பதைவிட, "காத்து சரியில்ல மாமா, இன்னைக்கு யாரும் கடலுக்குப் போகல" என்று சொல்லி உட்காரவைத்துப் பார்க்கலாம். வாசலும் கடற்கரையும் அருகருகே இருப்பதால் தனியே வெளியேறினால் ஏற்படும் ஆபத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாழ்க்கை வரலாறு தெரியாமல் நடத்தையின் பொருள் தெரியாது என்பதற்காகவே, முந்தைய தொழில், எழும் நேரம், தொழுகை அல்லது வழிபாட்டுப் பழக்கம், பிடித்த உணவு, பயந்த நிகழ்ச்சிகள் ஆகியவற்றையும் மதிப்பீட்டில் பதிவு செய்கின்றனர். விவரித்தல், காரணம் ஆராய்தல், திட்டமிடல், பலனைச் சரிபார்த்தல் என்ற நான்கு படிகளைக் கொண்ட டைஸ் முறையும் இந்த அடிப்படையில் அமைந்ததே.

அளவுகோல்கள்

விவரம் கேட்ட பிறகு அளவுகோல் பயன்படுகிறது. அது நோயைக் கண்டறியும் கருவி அன்று. இன்றைய நிலையை நாளைய நிலையோடு ஒப்பிட உதவும் கருவி.

நரம்பு உளநலப் பட்டியல்: என்பிஐ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இதை ஜெஃப்ரி கம்மிங்ஸும் குழுவினரும் 1994இல் வெளியிட்டனர். முதலில் பத்துப் பிரிவுகள் இருந்தன. பின்னர் தூக்கமும் உணவும் சேர்ந்து பன்னிரண்டாயின. கடந்த ஒரு மாத நிலை பராமரிப்பவரிடம் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை முறை நிகழ்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரையும், எவ்வளவு கடுமை என்பதற்கு 1 முதல் 3 வரையும் மதிப்பெண். இரண்டையும் பெருக்கினால் ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் 12, மொத்தம் 144. பராமரிப்பவரின் மனவேதனைக்கு 0 முதல் 5 வரை தனி மதிப்பெண் உண்டு.

மேலே கண்ட முதியவருக்கு இரவு நடத்தை அன்றாடம் நிகழ்வதால் 4, நடுத்தரக் கடுமை என்பதால் 2, பெருக்கினால் 8. ஒரு மாதம் கழித்து வாரத்துக்கு ஒரு முறை, மிதமாக என்று குறைந்தால் 2 × 1 = 2. முதியவர் இன்னும் சில இரவுகளில் எழுகிறார்தான். ஆனால் திட்டம் பலன் தருகிறது என்பதை எண் காட்டிவிடுகிறது.

கார்னெல் மனச்சோர்வு அளவுகோல்: மறதிநோய் உடையவர்களுக்கென்றே 1988இல் வெளியானது. 19 கூறுகளுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண்; மொத்தம் 38. பத்துக்கு மேல் சென்றால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பராமரிப்பவர், நோயாளி இருவரிடமும் தனித்தனியே கேட்பது இதன் சிறப்பு.

கோஹன் மான்ஸ்பீல்டு அட்டவணை: கத்துதல், அடித்தல், அலைதல் போன்ற 29 செயல்கள் கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை முறை நிகழ்ந்தன என்று பதிவு செய்கிறது. முதியோர் இல்லங்களில் அதிகம் பயன்படுகிறது.

சோர்வும் நாட்டமின்மையும்

அதிகம் தவறவிடப்படும் மாற்றம் நாட்டமின்மை. அல்சைமர் நோயில் மிகப் பரவலாகக் காணப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. வீட்டார் இதைச் சோம்பல் என்பர், அல்லது 'இப்போது அமைதியாகிவிட்டார்' என்று நிம்மதி கொள்வர்.

மனச்சோர்விலும் நாட்டமின்மையிலும் ஒருவர் செயலற்று இருப்பார். வேறுபாடு உள்ளுணர்வில் உள்ளது. மனச்சோர்வு உடையவர் வருந்துகிறார், அழுகிறார், நான் பாரமாகிவிட்டேன் என்கிறார், இருந்து என்ன பயன் என்கிறார். நாட்டமின்மை உடையவருக்கு வருத்தம் இல்லை. பேரன் வந்தாலும் போனாலும் ஒன்றே. முன்னவருக்குச் சிகிச்சை தேவை. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும். பின்னவரைத் தாமாகத் தொடங்குவார் என்று காத்திராமல், கைபிடித்துச் செயலைத் தொடங்கிவைக்க வேண்டும்.

இங்கே மொழி முக்கியமானது. "மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டால் பல முதியவர்கள் இல்லை என்பர். "மனசு சரியில்லையா?", "நெஞ்சு படபடங்குதா?", "எதைப் பார்த்தாலும் வெறுப்பா இருக்கா?" என்று கேட்டால் விடை வரும். உடல் வலி, வாயுத் தொல்லை, தலைச்சுற்றல் என்ற சொற்களிலும் துயரம் வெளிப்படும். முதலில் முதியவரிடமே, அவர் வீட்டில் அழைக்கப்படும் முறையில் மரியாதையாக அழைத்துப் பேச வேண்டும். அவரை அருகில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் கேட்பது சந்தேகத்தையே வளர்க்கும்.

யார் சொல்கிறார்?

மருத்துவமனைக்கு அழைத்துவருபவர் ஒருவர். இரவெல்லாம் விழித்திருப்பவர் மற்றொருவர். வெளிநாட்டில் இருக்கும் மகன், "என்கிட்ட போன்ல நல்லாத்தானே பேசுறாங்க" என்பார். அதுவும் பொய்யன்று. பத்து நிமிட உரையாடலை, பழகிய நலவிசாரிப்புகளைக் கொண்டு நன்றாகவே நடத்திவிட முடியும். எனவே நாள் முழுவதும் உடனிருப்பவரிடம், முடிந்தால் தனியாக, கேட்க வேண்டும். மருமகளாக இருந்தால் மற்றவர்முன் குறை சொல்லத் தயங்குவார். அவருடைய தூக்கம், உடல்நலம், உதவிக்கு வேறு ஆள் உண்டா என்பனவும் மதிப்பீட்டின் பகுதியே. பராமரிப்பவரின் களைப்பு கூடும்போது அதே நடத்தை கடுமையாகத் தோன்றும்; முதியவரின் நடத்தையும் உண்மையிலேயே மோசமாகும்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. "என் காசை எடுத்துட்டாங்க" என்று முதியவர் சொன்னதும் அதைப் பொய்நம்பிக்கை என்று எழுதிவிடக் கூடாது. உண்மையிலேயே எடுத்திருக்கலாம். உடலில் காயம், திடீர் அச்சம், ஒரு குறிப்பிட்ட நபரைக் கண்டால் மட்டும் ஒடுங்குதல் ஆகியவை இருந்தால் கொடுமை நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

மதிப்பீடு இல்லாதபோது

நடத்தையின் காரணம் தேடப்படாதபோது மீதமாவது இரண்டு: கட்டிவைப்பது, மயக்கிவைப்பது.

முதலாவதன் விளைவை இம்மாவட்டம் நன்கறியும். இம்மாவட்டத்தின் கடலோரப் பகுதியான ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் மறதிநோயாளிகளாக அறியப்பட்டவர்கள் அல்லர். ஆனால் புரியாத நடத்தைக்குச் சங்கிலியே விடை என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவான ஆபத்து. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. அச்சட்டத்தின் வரையறையில் நினைவையும் திசையறிவையும் பாதிக்கும் கடும் கோளாறுகளும் அடங்கும். வீட்டார் தர்ஹாவுக்கோ கோயிலுக்கோ அழைத்துச் செல்வதை மதிப்பிடுபவர் பழிக்க வேண்டியதில்லை. அதனால் மருத்துவம் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, மருந்து. மனப்பிறழ்வுக்கான மருந்துகள் மறதிநோய் உடைய முதியவர்களின் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 1.6 மடங்கு கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. லூயி உடல் வகையில் இவை கடும் விறைப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். அவருக்கோ பிறருக்கோ ஆபத்து உள்ளபோது மருத்துவர் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தரலாம். நிறுத்துவதற்கான நாளையும் அப்போதே குறித்துக்கொள்வது நல்லது. அலைதல், பதுக்குதல், கேட்டதையே கேட்டல் ஆகியவற்றுக்கு இம்மருந்துகளால் பெரிய பயன் இல்லை.

எங்கே உதவி பெறலாம்?

• மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வழியாக ஆலோசனை பெறலாம். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.
• 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளுக்காக வீட்டுக்கு வரும் பணியாளரிடம் நடத்தை மாற்றத்தையும் சொல்லலாம்.
• தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416.
• முதியோர் உதவி, கொடுமை பற்றிய முறையீடு ஆகியவற்றுக்கு எண் 14567.

மருத்துவரைப் பார்க்கச் செல்வதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதிவைப்பது பெரிதும் உதவும். ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமே போதும்: நாள், நேரம், முன் நடந்தது, செய்தது, பின் நடந்தது, உறங்கிய நேரம், உண்டது, மலம் கழித்தது, கொடுத்த மருந்து. ஏழு நாள்களில் ஒழுங்கு ஒன்று தெரியத் தொடங்கும். தினமும் அந்தி நேரத்தில் பதற்றம் கூடுகிறதா, ஒருவர் குளிப்பாட்டினால் மட்டும் கத்துகிறாரா, மலச்சிக்கல் உள்ள நாளில் கோபம் அதிகமா என்பதை அத்தாளே காட்டிவிடும். மருத்துவரிடம் கிடைக்கும் சில நிமிடங்களில் "ரொம்பத் தொல்லை" என்று சொல்வதற்குப் பதிலாக அந்தத் தாளை நீட்டலாம்.